மலை இங்கே, சாட்சி அங்கே

1836இல் ராபர்ட் வைட் பழனி மலை ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். மனசெல்லாம் செடிகொடிகள் மேல். எங்கள் அகரத்துக்கு மேற்கே நிற்கிற மலை அது. வைட் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிய செடிகளில் பெரும்பகுதி இன்று எடின்பரோவிலும் கியூவிலும் இருக்கிறது. ஓர் இனத்துக்கு முதலில் பெயரிடும்போது சாட்சியாக வைக்கப்படும் தாளுக்கு 'வகைமாதிரி' என்று பெயர். பிற்பாடு அந்த இனத்தைப் பற்றி வழக்கு வந்தால் அதைத்தான் பார்த்தாக வேண்டும்.

இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. வைட் தன் மாதிரிகளின் உபரிப் படிகளை ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கு வாரிக் கொடுத்தவர். பகிர்வு இருந்தது, அதன் வட்டம்தான் சின்னது. அவருக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களாவது படங்களின் கீழே மிஞ்சின. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார் வைட். அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. செடி பறித்துக் கொடுத்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் சீட்டில் ஏறவே இல்லை.

2011இல் 'எவல்யூஷன்', 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' முதலான பரிணாமவியல் இதழ்கள் ஒரு விதி கொண்டுவந்தன: கட்டுரை வெளிவர வேண்டுமானால் அதன் தரவுகளைப் பொதுக் காப்பகத்தில் வைத்தாக வேண்டும். அவசியமான விதி. 516 கட்டுரைகளின் தரவுகளைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வந்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட, தரவு மிஞ்சியிருக்கும் சாத்தியம் 17 விழுக்காடு குறைகிறதாம். ஆய்வாளரின் மேசை டிராயர் ஆவணக் காப்பகம் ஆகாது.

ஆனால் அந்த விதி கட்டுரை எழுதியவரைத்தான் கேட்கிறது. மாதிரியைக் கையில் வைத்திருப்பவரைக் கேட்பதில்லை. கியூவும் எடின்பரோவும் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் பரிணாம உறவைச் சொல்லும் டிஎன்ஏ படத்தில் இல்லை, இலையில் இருக்கிறது. அந்த இலையில் ஒரு துணுக்கு கிள்ள அனுமதி தருவது யார்? படம் திரும்பி வந்தது, அதிகாரம் வரவில்லை.

மாற்று இல்லாமல் போகவில்லை. கே.எம். மேத்யூ 1967இல் திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1999இல் வந்தது. மாதிரி இங்கேயே இருக்கும்போது கேள்வியும் இங்கிருந்து எழலாம்.

'திறந்த தரவு' என்று சொல்லும்போது, திறந்தவர் யார், சாவி யாரிடம் என்று நாம் கேட்டே ஆக வேண்டும். மலைக்காரர்கள் அந்தச் செடியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் தரவுதான். அதற்கும் தாளில் ஓர் இடம் வேண்டும்.