சாய்கோட்டுப் பெட்டியின் பயணம்

ஒரு காலத்தில் பெருக்கல் புழுதியில் நடந்தது. பலகையில் மணலைப் பரப்பி, விரலால் இலக்கம் எழுதி, அதை அழித்து, அதே இடத்தில் அடுத்ததை எழுதுவார்கள். விடை வரும்போது வந்த வழி அழிந்திருக்கும். எங்கே பிசகியது என்று திரும்பிப் பார்க்க முடியாது. 952-இல் டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி என்ற கணிதர், இந்தியக் கணக்கை மையும் காகிதமும் கொண்டு செய்யும் வழியை எழுதினார். காகிதத்துக்கு அழிக்காமல் செய்யும் முறை வேண்டும். அதற்கு, கட்டங்களில் சாய்கோடு போட்டுப் பெருக்கும் சாய்கோட்டுப் பெட்டியைப் போலப் பொருந்தியது வேறில்லை.

இந்தப் பெட்டி இந்தியாவில் பிறந்தது என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. இருக்கலாம், எண்ணுக்கு இடமதிப்புத் தந்த நாடுதானே! ஆனால் கையில் கிடைக்கும் ஏடுகளின் வரிசை வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொராக்கோவின் இப்னு அல்-பன்னா, 1450-இல் சீனாவின் வூ ஜிங். லீலாவதி என்ற கணித நூலுக்குக் கணேசர் எழுதிய உரை 1545-இல்தான் வருகிறது.

இத்தாலியில் இந்தப் பெட்டி அச்சேறியது 1478-இல். வெனிஸ் அருகே திரெவிசோ நகரில், வணிகம் பழகும் பிள்ளைகளுக்காகப் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய கணக்குப் புத்தகத்தில்தான். அதில் 934-ஐ 314-ஆல் பெருக்கிக் காட்டுகிறார். மேலே 9, 3, 4. பக்கத்தில் 3, 1, 4. நடுவே ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சாய்கோடு இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்பது மூன்று இருபத்தேழு என்றால் கோட்டுக்கு மேலே 2, கீழே 7. எல்லாக் கட்டங்களும் நிரம்பும்வரை மீதி என்ற பேச்சே இல்லை; வாய்ப்பாடு தெரிந்தால் போதும். பிறகு வலது கீழ் மூலையிலிருந்து சாய்வரிசைகளைக் கூட்ட வேண்டும். முதல் வரிசையில் 6. அடுத்ததில் 1, 2, 4 சேர்ந்து 7. மூன்றாவதில் 12 வரும். 2-ஐ எழுதி 1-ஐ அடுத்த வரிசைக்குத் தள்ள வேண்டும். விடை 2,93,276.

முதல் சாய்வரிசை ஒன்றுகள், அடுத்தது பத்துகள், அதற்கடுத்தது நூறுகள். முழு இடமதிப்பும் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. அதை அவை வாய்விட்டுச் சொல்வதில்லை.

1494-இல் இத்தாலியின் லூக்கா பச்சோலி தன் பெருநூலில் எட்டுவகைப் பெருக்கல்களைத் தந்தபோது இதற்கும் இடமிருந்தது. பின்னர் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் இன்றைய முறையே நிலைத்தது. இத்தனை கோடுகளை அச்சுக் கோப்பது பெரும்பாடு என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பெட்டி வேறு உருவெடுத்தது. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர், தாம் இறந்த 1617-இல் வெளிவந்த நூலில், அதன் நிரல்களைத் தனித்தனிக் கோல்களாக்கினார். வேண்டிய கோல்களை அடுக்கினால் வாய்ப்பாடுகூட வேண்டாம். 1623-இல் ஜெர்மனியின் ஷிக்கார்ட் அந்தக் கோல்களை உருளைகளாக்கிக் கணக்கு இயந்திரத்துக்குள் வைத்தார்.

பள்ளிக்கு அது திரும்பியது நம் காலத்தில். சிகாகோ பல்கலைக்கழகத் திட்டத்தில் உருவான ‘எவ்ரிடே மேத்தமேட்டிக்ஸ்’ பாடநூல்கள் அமெரிக்கக் குழந்தைகளுக்கு இதைக் கற்பித்தன. சரியான விடை சட்டென்று வரும், உண்மைதான். ஆனால் திரெவிசோ கணக்கின் அந்த 27 எவ்வளவு என்று கேட்டால் பல பிள்ளைகள் இருபத்தேழு என்றே சொல்வார்கள். அது 900-ஐ 300-ஆல் பெருக்கிய 2,70,000. நம் வழக்கமான முறையும் இதில் உயர்ந்ததல்ல; இரண்டாம் வரியின் கடைசியில் போடும் அந்தப் பெருக்கல் குறி ஏன் என்று எத்தனை வகுப்பில் சொல்கிறார்கள்?

சாய்கோடில்லாத இன்னொரு பெட்டி என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஐந்தாம் வகுப்பு ‘மேத்-மேஜிக்’ நூலில் இருந்தது. எண்ணை இலக்கங்களாக வெட்டாமல் மதிப்பாகப் பிரிப்பது அதன் வழி. 23-ஐ 14-ஆல் பெருக்க, 20, 3 ஒரு பக்கம். 10, 4 மறுபக்கம். கட்டங்களில் 200, 30, 80, 12. கூட்டினால் 322. இடம் அதிகம் பிடிக்கும், நேரமும் ஆகும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, முதலில் சாய்கோடில்லாத இந்தப் பெட்டியைக் கொடுங்கள். 200 எங்கிருந்து வந்தது என்று பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகு சாய்கோடு போடக் கற்றுக்கொடுங்கள்.