முதல் படிக்கு மேலே



டிசம்பர் 6 அன்று அண்ணலை நினைவுகூரும்போது அரசமைப்புச் சட்டத்தைப் பேசுகிறோம். மகத் குளத்தைப் பேசுகிறோம். நாக்பூர் தீட்சையைப் பேசுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த ஆண்டுகளை அதிகம் பேசுவதில்லை. இந்த நினைவுரையை அங்கிருந்து தொடங்குகிறோம். அரசு வேலையில் விஞ்ஞானியாகவோ பொறியாளராகவோ சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளை, சேர்ந்த பிறகு எவ்வளவு தூரம் மேலே போக முடிகிறது என்ற கேள்விக்கான வேர் அந்த ஆண்டுகளில் இருக்கிறது. நுழைவதற்காக நாம் நூறு கூட்டம் போட்டிருக்கிறோம். நுழைந்த பிறகு நடப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

அன்றைய தொழிலாளர் துறை தொழிற்சங்கச் சிக்கல்களை மட்டும் பார்த்த துறை அல்ல. பாசனம், மின்சாரம், சுரங்கம், பொதுப்பணி ஆகியவையும் அதன்கீழ் இருந்தன. 1944இல் மத்திய தொழில்நுட்ப மின் வாரியமும், 1945இல் இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பும் அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் உருவாயின. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்கப் பேச்சுகளும் அவர் மேசையில் நடந்தன. வரப்போகும் அரசு, அணையாலும் மின்சாரத்தாலும் ஆளும் அரசாக இருக்கும் என்பதை அவர் கண்ணால் கண்டார். அந்த அரசின் பொறியாளர் நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள் என்ற கேள்வி அவருக்கு வராமல் இருக்குமா?

பதவியேற்ற சில மாதங்களிலேயே, 1942 அக்டோபரில், பட்டியல் சாதியினரின் குறைகளை வைஸ்ராய் லின்லித்கோவுக்கு மனுவாகக் கொடுத்தார். அதில் அரசுப் பணியில் ஒதுக்கீடு கேட்டதை நாம் அறிவோம். அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உதவித்தொகை வேண்டும் என்று அதே மனுவில் கேட்டதையும் அறிந்திருக்க வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம்மை மேலே கொண்டு போகாது என்பது அவர் வாதம். 1943 ஆகஸ்டில் மத்திய அரசின் நேரடி நியமனத்தில் 8.33 விழுக்காடு கிடைத்தது. 1946இல் அது 12.5 ஆனது. 1970இல்தான் இன்றைய 15 விழுக்காடு வந்தது.

இந்த வரலாற்றை நாம் மேடைகளில் சொல்லி இங்கே நிறுத்திவிடுவோம். அடுத்த பக்கத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

பதவி உயர்வில் ஒதுக்கீடு ஒரே நாளில் வந்ததல்ல, துண்டு துண்டாக வந்தது. 1974 ஜூலையில் வந்த ஆணை, தேர்வு முறையில் நடக்கும் பதவி உயர்வுகளுக்கும் அதை நீட்டியது. எதுவரை? இன்றைய சொல்லில் சொன்னால், பி பிரிவிலிருந்து ஏ பிரிவின் முதல் படிவரை. ஏ பிரிவுக்குள் தேர்வு முறையில் மேலே ஏறுவதற்குச் சலுகை உண்டு, ஒதுக்கீடு இல்லை.

அடுத்த ஆண்டு, 1975 ஜூன் 23. நெருக்கடி நிலை அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு. பொக்ரானில் குண்டு வெடித்து ஓராண்டும், ஆரியபட்டா விண்ணில் ஏறி இரண்டு மாதமும் ஆகியிருந்தன. அன்று பணியாளர் துறை ஓர் அலுவலக ஆணை பிறப்பித்தது. மூன்று நிபந்தனைகள் பொருந்தும் பதவிகளை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கலாம் என்றது அந்த ஆணை. ஒன்று, பதவி ஏ பிரிவின் முதல் படிக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு, 1961ஆம் ஆண்டு வரையறைப்படி அது அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பதவியாக இருக்க வேண்டும். மூன்று, ஆராய்ச்சி செய்வதற்கோ ஆராய்ச்சியை வழிநடத்துவதற்கோ உரியதாக இருக்க வேண்டும்.

இரண்டு ஆணைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று முதல் படியில் முடிகிறது. மற்றொன்று முதல் படிக்கு மேலே தொடங்குகிறது. கோடு ஒரே இடத்தில் விழுகிறது. கருவியைத் துடைப்பவர், அளவு எடுப்பவர், ஆய்வறிக்கை எழுதும் இளநிலை விஞ்ஞானி வரை நாம் வரலாம். எதை ஆராய்வது, யாரை எடுப்பது, பணத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் நாற்காலி வந்தால் 'தகுதி' என்ற சொல் வாசலில் நிற்கிறது. 1992 நவம்பர் 16 அன்று வந்த இந்திரா சஹானி தீர்ப்பை மண்டல் தீர்ப்பு என்று கொண்டாடுகிறோம். அணுசக்தி, விண்வெளி உள்ளிட்ட ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகளில் ஒதுக்கீடு உகந்ததாக இராது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். பதவி உயர்வில் ஒதுக்கீடு செல்லாது என்றதும் அதுதான். பின்னதைச் சரிசெய்ய 1995இல் 77ஆவது திருத்தம் வந்தது. முன்னதைப் பற்றி நாம் போதுமான அளவு வாய் திறக்கவில்லை.

இதே காலத்தில் விஞ்ஞானிகளுக்காக அரசு ஒரு விதியை வளைத்ததையும் பார்க்க வேண்டும். மேலே காலியிடம் இல்லாததால் விஞ்ஞானிகள் ஒரே பதவியில் தேங்குகிறார்கள் என்ற குறை இருந்தது. மூன்றாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1983இல் 'ஃப்ளெக்சிபிள் காம்ப்ளிமென்டிங்' என்ற முறை வந்தது. காலியிடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். குறித்த ஆண்டுகள் முடிந்து மதிப்பீட்டில் தேறினால், அவர் இருக்கும் பதவியே அவரோடு சேர்ந்து உயரும். நல்ல ஏற்பாடுதான். நம் பிள்ளைகளும் இதனால் உயர்ந்திருக்கிறார்கள். ஆனால் இனச்சுழற்சிப் பதிவேடு காலியிடத்தை எண்ணும் பதிவேடு. காலியிடமே இல்லாத இடத்தில் அது எதை எண்ணும்? முழு எடையும் மேலதிகாரி எழுதும் ஆண்டு அறிக்கையின்மேல் விழுந்துவிட்டது.

1998இல் திருத்தப்பட்ட முறையின் கணக்கைப் பார்ப்போம். 'மிகச் சிறப்பு' என்றால் 10 மதிப்பெண், 'மிக நன்று' என்றால் 8, 'நன்று' என்றால் 6. விஞ்ஞானி பி நிலையிலிருந்து சி நிலைக்கு மூன்றே ஆண்டில் போக 85 விழுக்காடு வேண்டும். மூன்று ஆண்டும் 'மிக நன்று' வாங்கியவருக்கு 80தான் வரும். அவர் நான்காம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அந்த நான்கில் ஒரே ஒரு 'நன்று' விழுந்து மற்றவை 'மிக நன்று' என்றால் 75. ஐந்தாம் ஆண்டுக்குப் போகும். யாரும் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. ஒரு சொல் குறைந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு நிலையிலும் ஓராண்டு, ஈராண்டு பின்தங்கினால், இயக்குநர் நாற்காலியை எட்டும்முன் ஓய்வு வயது வந்துவிடும்.

அந்தச் சொல் நெடுங்காலம் ரகசியமாகவே இருந்தது. பாதகமான குறிப்பை மட்டும்தான் ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். 'நன்று' பாதகம் இல்லையாம்! எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்ற பொறியாளருக்கு நேர்ந்தது இதுதான். கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்கு ஐந்தாண்டும் 'மிக நன்று' வேண்டும். 1993-94இல் மட்டும் 'நன்று'. அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பதவி உயர்வு போயிற்று. சாதியை முன்வைத்து நடந்த வழக்கல்ல அது. ஆனால் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் நமக்கும் ஆயுதம்: எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். 2009 மே மாதம் மத்திய அரசு அதை ஆணையாக்கியது. முழு அறிக்கையையும் காட்ட வேண்டும். 15 நாளுக்குள் முறையிடலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், பெயரும் துறையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தம் பழைய அறிக்கைகளை எங்களிடம் காட்டினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கியவை. ஒரே கையெழுத்தில் ஆண்டுக்கு ஆண்டு 'நன்று', 'நன்று'. அதே அதிகாரி அவருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பியவர், மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். முப்பது ஆண்டில் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. வசவாக வந்திருந்தால் எதிர்த்திருப்பார். பாராட்டுச் சொல்லாக வந்ததை எப்படி எதிர்ப்பது?

ஆகவே மாணவர்களே, பணி ஆணை கையில் வந்த நாளோடு போராட்டம் முடிவதில்லை. ஆண்டு அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்குங்கள். 15 நாளைத் தவறவிடாதீர்கள். நிகழ்த்திய வேலைக்குச் சான்று வைத்திருங்கள். இயக்கத் தோழர்களே, 1975 ஆணையின்படி விலக்கப்பட்ட ஒவ்வொரு பதவியும் மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். காலியிடம் இல்லாத பதவி உயர்வில் யார் எத்தனை ஆண்டில் ஏறினார்கள் என்ற கணக்கைச் சாதிவாரியாக வெளியிடக் கோருங்கள். விஞ்ஞானி தேங்கக் கூடாது என்பதற்காகக் காலியிட விதியையே தளர்த்திய அரசு அது. நம் விஞ்ஞானி தேங்குவதற்காக எந்த விதியையும் தொட முடியாது என்று அது சொன்னால் நாம் ஏற்க வேண்டியதில்லை.

1942இல் அண்ணல் கேட்டது கடைநிலை வேலை மட்டுமல்ல. பொறியாளர் நாற்காலியும் அதன் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர் கணக்கில் இருந்தன. அந்தக் கணக்கு முதல் படியில் நிற்கிறது. அதை மேலே கொண்டு செல்வதுதான் இந்த நினைவு நாளுக்கு நாம் செலுத்தும் மரியாதை.

ஜெய்பீம்.