லாவெண்டர்: துணிப்பெட்டியிலிருந்து மருந்துப் பெட்டிக்கு

லாவெண்டர், துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த நறுமணச் செடியாகும். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வறண்ட மலைச்சரிவுகள் இதன் தாயகம். ‘கழுவுதல்’ எனப் பொருள்படும் ‘லவாரே’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகப் பொதுவாகக் கூறுவர். சொல்லின் வேர் எதுவாயினும், ஐரோப்பிய வீடுகளில் இச்செடியின் வரலாறு துணியோடும் சலவையோடும் பிணைந்தது.

உலர்ந்த பூக்களைச் சிறு பைகளில் இட்டுத் துணிப்பெட்டிக்குள் வைப்பது நெடுங்கால வழக்கம். துணி மணக்கும், அந்துப்பூச்சியும் விலகும். துவைத்த துணிகளை லாவெண்டர் புதர்களின்மேல் உலர்த்துவதும் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் லண்டனுக்குத் தெற்கேயுள்ள மிச்சம் என்னும் ஊர் லாவெண்டர் வயல்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. லண்டன் தெருக்களில் பூங்கட்டுகளைக் கூவி விற்றனர். நகரம் விரிந்தபோது அவ்வயல்கள் மறைந்தன.

பிரான்சின் புரோவான்சு பகுதியில், கிராசு நகர வாசனைத் தொழிலுக்காகப் பூக்களை நீராவியில் வடித்து எண்ணெய் எடுத்தனர். உயர்ந்த மலைகளில் வளரும் அசல் லாவெண்டரின் எண்ணெய் மென்மணம் உடையது. தாழ்ந்த நிலங்களில் வளரும் ‘லாவண்டின்’ என்னும் கலப்பினம் மிகுதியாக எண்ணெய் தருவது. ஆனால் அதில் கற்பூர நெடி கூடுதல். சோப்பு, சலவைத்தூள் ஆகியவற்றில் பெரிதும் சேர்வது இதுவே.

இவ்வெண்ணெய் மருந்தாகப் புகழ்பெறக் காரணமானவர் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிசு கட்டஃபோசே. 1910இல் ஆய்வக வெடிப்பில் தீப்பற்றியபோது, அவர் அருகிலிருந்த லாவெண்டர் எண்ணெயில் கையை அமிழ்த்தியதும் காயம் ஆறியது என்ற கதை பரவலாக வழங்குகிறது. 1937இல் வெளியான ‘அரோமாதெராபி’ நூலில் அவரே எழுதியது வேறு: புல்தரையில் உருண்டு தீயை அணைத்தார், பின்னர் கைகளில் திசு அழுகல் பரவத் தொடங்கியபோதுதான் லாவெண்டர் எண்ணெயால் கழுவினார். அதாவது, அவர் எண்ணெயைப் பயன்படுத்தியது தீப்புண்ணின் முதலுதவியாக அன்று, நோய்த்தொற்றை எதிர்க்கவே.

இவ்வேறுபாடு இன்றைய வீடுகளுக்கும் முக்கியமானது. கதையை நம்பிச் சுட்ட இடத்தில் எண்ணெய் தடவுவோர் உளர். தீக்காயத்துக்கு உடனடித் தேவை, சுமார் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பெரிய காயமெனில் மருத்துவர். மேலும், இவ்வெண்ணெயிலுள்ள லினலூல் காற்றுபட்டு நாளடைவில் ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறக்கூடும். எனவே குப்பியை இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். எண்ணெயை நேரடியாகத் தோலில் பூசுவதும் உட்கொள்வதும் தகாது. துணிப்பெட்டியில் வைக்கும் பூப்பைக்கோ இந்த எச்சரிக்கைகள் பெரிதும் தேவைப்படுவதில்லை.