வெட்டவெளிக்கு வந்த கிட்டார்

கார்பன் இழையால் செய்த அக்கூஸ்டிக் கிட்டார் வெட்டவெளியில் வாசித்தவர்களின் தேவையால் பிறந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பவருக்கு மரக் கிட்டாரைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் இருந்ததில்லை. கடற்கரைத் திருமணம், திறந்தவெளி விழா, தெருமுனை, படகுத்துறை என்று வானத்தின் கீழ் வாசித்தவர்களுக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒலி தொலைவுக்குப் போகவில்லை. மரம் வானிலையைத் தாங்கவில்லை. இவ்விரண்டையும் தீர்க்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உலோகம், பிளாஸ்டிக், கண்ணாடி இழை என்று பலவும் முயன்று பார்க்கப்பட்டன. அந்த வரிசையில் கடைசியாக வந்தது கார்பன் இழை.

எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். ஒரே கட்டையிலிருந்து அறுத்த இரண்டு பலகைகளை நடுவில் ஒட்டிச் சேர்த்திருப்பார்கள். ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு அதை இழுக்கின்றன. அந்த இழுவையைத் தாங்க உட்புறத்தில் எக்ஸ் வடிவில் சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. ஜெர்மனியிலிருந்து 1833இல் அமெரிக்காவில் குடியேறிய சி. எஃப். மார்ட்டினின் பட்டறையில் 1840களில் உருப்பெற்ற இந்த அமைப்பு இன்றும் மாறவில்லை.

மரம் நாரின் நீளவாக்கில் அவ்வளவாக அசைவதில்லை. குறுக்குவாக்கில்தான் ஊதும், சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டாருக்குச் சுகம். அதற்கு மேல் ஏறினால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை புடைத்து எழும். கம்பிகள் விரல்பலகையை விட்டு உயர்ந்து, அழுத்தி வாசிக்கும் விரல்கள் வலிக்கும். குறைந்தால் மேற்பலகை குழியும். விரல்பலகை சுருங்குவதால் அதில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். வறட்சி நீடித்தால் நடு ஒட்டு வழியாகவோ நார் வழியாகவோ பலகை வெடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப்போன கிட்டாரில் பசை இளகி, கம்பிகளின் இழுவையில் பிரிட்ஜ் பெயர்ந்து வருவதும் உண்டு. காலையில் பனி, நண்பகலில் வெயில், மாலையில் தூறல் என்று ஒரே நாளில் மாறும் திறந்தவெளி மேடை, இந்தச் சேதங்கள் அனைத்துக்கும் வாசல் திறந்துவைக்கிறது.

முதலில் தீர்வு தேடப்பட்டது ஒலிக்குத்தான். அதில் ஹவாய்த் தீவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1830களில் மாடு மேய்க்க வந்த மெக்சிக மேய்ப்பர்களோடு கிட்டார் அங்கே போய்ச் சேர்ந்தது. தீவு மக்கள் கம்பிகளைத் தளர்த்திச் சுருதி சேர்க்கும் தங்கள் சொந்த முறையை உருவாக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு, கிட்டாரை மடியில் கிடத்திக் கம்பிகளின் மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் பாணியைப் பரப்பினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் ஒரு மோகமாகவே மாறியது. கூட்டம் பெருகப் பெருக, கிட்டாரின் மெல்லிய குரல் போதவில்லை.

மரத்திலேயே பெரிய உடல் செய்து பார்த்தது ஒரு வழி. 1916இல் ஆலிவர் டிட்சன் நிறுவனத்துக்காக மார்ட்டின் பட்டறை ஓர் அகன்ற கிட்டாரைச் செய்து கொடுத்தது. அக்காலப் போர்க்கப்பலின் பெயரால் ட்ரெட்நாட் எனப்பட்ட அந்த வடிவம் 1931இல் மார்ட்டினின் சொந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று மேடைகளில் காணப்படும் கிட்டார்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகளே.

உலோகம் இன்னொரு வழி. ஹவாய் பாணியில் வாசித்துவந்த ஜார்ஜ் பொஷாம்ப், கருவி செய்யும் ஜான் டோப்பியேராவுடன் சேர்ந்து, அலுமினியக் கூம்புகள் அதிர்ந்து ஒலி எழுப்பும் ரெசொனேட்டர் கிட்டாரைக் கொண்டுவந்தார். 1927இல் நேஷனல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் கருவியின் உடல் முழுக்க உலோகம். பின்னால் வந்த ஒரு வகையின் பளபளக்கும் உடலில் பனைமரங்களும் கடற்கரையும் பொறிக்கப்பட்டிருந்தன. யாருடைய சந்தையை நம்பி அது செய்யப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சன் ஹவுஸ், புக்கா வைட் போன்ற ப்ளூஸ் பாடகர்கள் இந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். மழைக்கு உலோகம் வெடிக்காது, ஒலியும் தெரு முழுக்கக் கேட்கும். ஆனால் கருவி கனம். குரலும் மரக் கிட்டாரின் குரல் இல்லை. ஆகவே மரத்தின் இடத்தை அது பிடிக்கவில்லை.

பிளாஸ்டிக்கையும் ஒருவர் நம்பினார். ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட் வாசித்த செல்மர் கிட்டாரின் வடிவமைப்பாளரான மாரியோ மக்காஃபெர்ரி, அமெரிக்காவில் பிளாஸ்டிக் உகுலேலேகளை லட்சக்கணக்கில் விற்ற தெம்பில் 1953இல் பிளாஸ்டிக் கிட்டாரை வெளியிட்டார். உழைப்பும் நுணுக்கமும் நிறைந்த கருவி அது. என்றாலும் அதை விளையாட்டுப் பொருளாகவே சந்தை பார்த்தது.

இதற்குப் பின் நடந்த திருப்பம் ஒரு ஹெலிகாப்டர் தொழிற்சாலையில் தொடங்கியது. கனெக்டிகட் மாநிலத்தில் ஹெலிகாப்டர்கள் செய்துவந்த சார்லஸ் காமன் நல்ல கிட்டார் கலைஞரும்கூட. ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்குவது பொறியாளரின் வேலை. அதே அறிவைக் கொண்டு அதிர்வை வளர்க்கவும் முடியும் என்று அவர் கண்டார். 1966இல் அவர் வெளியிட்ட ஓவேஷன் கிட்டாரின் பின்புறம் கண்ணாடி இழையும் பிசினும் கலந்து வார்த்த உருண்டைக் கிண்ணம். பாடகர் கிளென் கேம்பல் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்ததால் அந்த வட்ட முதுகு அமெரிக்க வீடுகளுக்கு அறிமுகமானது. கம்பிகளுக்கு அடியில் பொருத்தி, அதிர்வை மின்குறியாக்கும் பீசோ பிக்அப்பை மேடைக் கிட்டாரின் இயல்பான உறுப்பாக்கியதும் ஓவேஷன்தான். வெட்டவெளிக் கலைஞருக்கு இந்த இரண்டாவது கொடையே பெரியது. அடைப்பில்லாத இடத்தில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. திருப்பி அனுப்பச் சுவரும் இல்லை. எந்தப் பொருளில் செய்த கிட்டாராலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது, மின்சாரத்தால்தான் முடியும்.

ஆனால் ஓவேஷனின் மேற்பலகை ஸ்ப்ரூஸாகவே இருந்தது. முதுகு வானிலையை மதிக்கவில்லை, முகம் அஞ்சிக்கொண்டிருந்தது.

கார்பன் இழை அதற்குள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டியிருந்தது. எடிசன் 1879இல் மின்விளக்குக்காகக் கரியாக்கிய நூல் அதன் முன்னோடி. உறுதியான நவீன இழைக்கு வழி திறந்தது 1958இல் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் செய்த சோதனை. 1960களில் ஜப்பானின் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வகமும் பாலிஅக்ரிலோநைட்ரைல் நூலைச் சூடாக்கி இழை செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் வணிக உற்பத்தியில் இறங்கியது. விமானத்துக்கு அடுத்தபடியாக இந்த இழை போய்ச் சேர்ந்தது தூண்டில் கோலுக்கும் கோல்ஃப் மட்டைக்கும்.

இசைக்கருவிக்கு இது பொருந்தும் என்பதற்கான காரணம் ஸ்ப்ரூஸிலேயே இருக்கிறது. எடைக்கு ஒப்பிட்டால் ஸ்ப்ரூஸ் மிகவும் விறைப்பானது. அந்த விறைப்பும் நாரின் வழியே பல மடங்கு, குறுக்கே குறைவு. கார்பன் இழைகளைப் பிசினில் ஒரே திசையில் படுக்கவைத்தால் இதே குணத்தை வரவழைக்கலாம். இழை ஈரத்தை உறிஞ்சுவதில்லை, வெப்பத்தில் நீள்வதும் இல்லை என்றே சொல்லலாம். 1975இல் டேனியல் ஹெய்ன்ஸ், வயலின் ஆய்வாளர் கார்லீன் ஹட்சின்ஸ் ஆகியோரின் குழு கார்பன் மேற்பலகை கொண்ட ஒரு வயலினையும் ஒரு கிட்டாரையும் செய்து காட்டியது. அடுத்த ஆண்டே ஓவேஷன், மெல்லிய பிர்ச் மரத் தாளின் இருபுறமும் கார்பன் போர்த்திய மேற்பலகையோடு அடாமஸ் கிட்டாரை வெளியிட்டது. நடுவிலே ஒரு பெரிய துளைக்குப் பதில் தோள்பகுதியில் பல சிறு துளைகள் கொண்ட அதன் முகம் இன்றும் தனித்துத் தெரியும்.

முழுக்க முழுக்கக் கார்பனாலான அக்கூஸ்டிக் கிட்டார், மீண்டும் ஹவாயிலிருந்தே வந்தது. மாவி தீவின் கிழக்குப் பக்கம் வியாபாரக் காற்று கொண்டுவரும் மழையில் நனைந்துகொண்டே இருக்கும். ஹலியாகலா மலைக்கு மறுபுறம் வறண்ட கடற்கரை, அங்கேதான் விடுதிகளும் விருந்துகளும். ஒரே நாளில் இரு பக்கமும் வாசித்துத் திரும்பும் கலைஞரின் மரக் கிட்டார் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கு வாழ்ந்த இயற்பியலாளர் ஜான் டெக்கர், வெப்பமண்டலக் காற்று மரக் கருவிகளைக் கெடுப்பதைப் பார்த்து மாற்றுப் பொருளில் இறங்கினார். நியூ மெக்சிகோவின் கிட்டார் ஆசாரி லொரென்சோ பிமென்டலின் கைத்திறனும் அவருக்குத் துணைநின்றது. 1990களில் ரெயின்சாங் என்ற பெயரில் அந்தக் கிட்டார்கள் கடைக்கு வந்தன. பிற்பாடு தொழிற்சாலை வாஷிங்டன் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது.

இத்தகைய கிட்டாரைச் செய்யும் முறையில் உளிக்கும் இழைப்புளிக்கும் வேலை குறைவு. பிசின் ஊறிய கார்பன் துணியை வார்ப்புருவுக்கு ஏற்ப வெட்டி, ஒவ்வொரு அடுக்கின் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று பார்த்து அச்சுக்குள் படியவைக்கிறார்கள். மேலே பிளாஸ்டிக் உறையை மூடி, காற்றை உறிஞ்சி எடுத்ததும் அடுக்குகள் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. பிறகு சூளையில் வேகவைத்தால் பிசின் இறுகும். எங்கே விறைப்பு வேண்டுமோ அங்கே ஓர் அடுக்கு கூட, எங்கே அதிர வேண்டுமோ அங்கே ஓர் அடுக்கு குறைவு. மார்ட்டின் காலத்துச் சட்டங்கள் பல வகைகளில் உள்ளே தேவைப்படுவதில்லை. டெக்கரின் கிட்டாருக்குள் விரலைவிட்டுத் தடவினால் வெறும் வழவழப்புத்தான். இந்தத் தொழிலின் உண்மையான கண்டுபிடிப்பு பொருளில் இல்லை, அந்தச் சட்டமில்லாத மேற்பலகையில்தான் இருக்கிறது.

பிறகு பலரும் வந்தார்கள். அமெரிக்காவின் புழுக்கம் மிகுந்த லூசியானாவில் விண்வெளித் துறைப் பொறியாளர் எல்லிஸ் சீல் காம்போசிட் அக்கூஸ்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2010இல் அது மூடப்பட்டு, மிசிசிப்பியின் பீவி நிறுவனத்தின் கைக்குப் போனது. அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்தில் ஆலிஸ்டர் ஹே எமரால்டு கிட்டார்களைச் செய்தார். பாஸ்டன் சிம்பொனியின் செல்லோ கலைஞர் லூயிஸ் லெகியா, பாய்மரப் படகோட்டும் பழக்கத்தால் கார்பன் செல்லோவுக்கு வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லுட்வாக்கின் பிளாக்பேர்டு நிறுவனம், கழுத்துப்பகுதியையும் உள்ளீடற்றதாக வார்த்துச் சிறிய பயணக் கிட்டாரைச் செய்தது. மழை, புழுக்கம், கடல், பயணம் என்று எல்லாமே வீட்டுக்கு வெளியே இருந்து வந்த காரணங்கள்.

தொடக்ககாலக் கார்பன் கிட்டார்களின் ஒலி கூர்மையாக, உலோகச் சாயலோடு இருக்கிறது என்ற விமர்சனம் நியாயமானதே. கண்ணாடி இழையை ஊடே சேர்த்து உடலை மென்மையாக்கிய வகைகள் பிறகு வந்தன. ஆனால் ஒலிபெருக்கி வழியே திறந்தவெளியில் கேட்கும்போது அந்தக் கூர்மை ஓர் உதவியாகவே மாறியது. கூட்ட இரைச்சலிலும் ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்டது. ஆகவே வெட்டவெளிக்கென வாங்குபவர் அறைக்குள் வாசித்துப் பார்த்து முடிவுசெய்வதைவிட, பிக்அப்பை இணைத்து வாசித்துப் பார்ப்பதே சரி.

சுருதி கலையாது என்று விளம்பரங்கள் சொல்வது பாதி உண்மை. உடல் அசைவதில்லை, கம்பி இன்னும் எஃகுதான். வெயில் பட்டதும் கம்பி நீண்டு சுருதி இறங்கும், நிழலுக்கு வந்ததும் ஏறும். மரக் கிட்டாரில் உடலும் கம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் கோளாறு எங்கே என்று புரியாது. கார்பனில் கம்பியை மட்டும் கவனித்தால் போதும். துருவும் அப்படித்தான். 1997இல் எலிக்ஸிர் கொண்டுவந்த உறையிட்ட கம்பிகள் உப்புக்காற்றில் நெடுநாள் உழைக்கின்றன. துருப்பிடிக்காத எஃகில் ஃப்ரெட்டுகள் செய்வதும் பரவியது. பிக்அப்பின் மின்பகுதி, கம்பி முறுக்கும் திருகுகள், பிரிட்ஜை ஒட்டிய பசை ஆகியவைதான் இன்றும் வானிலைக்கு இளகும் இடங்கள். கறுப்பு உடல் வெயிலில் கொதிக்கும் என்பதால் அவை கூடுதலாகவே சோதிக்கப்படுகின்றன.

கழுத்து வளையாது என்ற நம்பிக்கையில் சில தயாரிப்பாளர்கள் அதனுள் ஓடும் திருத்துக் கம்பியையே விட்டுவிட்டார்கள். கம்பிகளின் உயரத்தைத் தன் கைக்கு ஏற்ப மாற்ற விரும்பும் கலைஞருக்கு அது இடைஞ்சலானது. திருத்துக் கம்பி உள்ள வகையே அவருக்கு ஏற்றது. பழுதுபார்ப்பது இன்னொரு சிக்கல். வெடித்த மரப்பலகையை எந்த ஊரிலும் ஓர் ஆசாரி ஒட்டிவிடுவார். உடைந்த கார்பன் மேற்பலகையைத் தயாரித்தவரிடமே அனுப்ப வேண்டியிருக்கும்.

அண்மைக் காலத்தில் சீனத் தொழிற்சாலைகளிலிருந்து விலை மலிவான கிட்டார்கள் கார்பன் என்ற பெயரோடு வருகின்றன. இவற்றில் பல, நறுக்கிய கார்பன் இழையைப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் கலந்து அச்சில் உருக்கி ஊற்றியவை. மழையை அவையும் தாங்கும், பயணத்துக்கும் பழகுநருக்கும் நன்றாகவே உதவும். ஆனால் இழை நறுக்கப்பட்டதும் திசை என்பது போய்விடுகிறது. அந்தத் திசைதானே மேற்பலகைக்குக் குரல் கொடுத்தது. வாங்குமுன் தொடர் இழையா, நறுக்கிய இழையா என்று கேட்டே தீர வேண்டும்.

காடு சார்ந்த சட்டங்களும் கார்பனின் பக்கம் காற்றைத் திருப்பின. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது 1969இல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி, தோதகத்தி என்று வழங்கும் மரமே. வெட்டு மிகுந்ததால் தமிழ்நாடு 1994இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2017இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தபோது எல்லை கடந்து வாசிக்கப்போகும் கலைஞர்கள் கலங்கினார்கள். 2019இல் முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. கார்பன் கிட்டாருக்கு அந்தக் கவலை எழவே இல்லை. ஆனால் இறுகிய பிசினிலிருந்து இழையைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது கடினம். கார்பனால் பெயர்பெற்ற பிளாக்பேர்டே பிறகு ஆளிச்செடி நாரையும் தாவரக் கலப்புள்ள பிசினையும் கொண்டு, அதே அச்சு முறையில் ஈரத்துக்கு அசையாத கிட்டார்களைச் செய்யத் தொடங்கியது.