மாஸ்கோவுக்குப் போகாத வழக்கு: பன்னாட்டு நடுவர் தீர்வும் மதராஸ் நீதிமன்றமும்

எல்லை தாண்டிய வணிகத் தகராறுகளில் இந்தியச் சட்டம் உருவான கதையை டெல்லியிலும் பம்பாயிலும் தொடங்குவதே வழக்கம். அதன் முக்கியமான திருப்பம் ஒன்று மதராஸில் நேர்ந்தது. அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

தாராபூர் அண்டு கம்பெனி மதராஸைச் சேர்ந்த ஒப்பந்த நிறுவனம். மேற்கு வங்கத்தில் ஃபராக்கா தடுப்பணைத் திட்டத்தின் ஊட்டுக் கால்வாயை வெட்டும் வேலை அதற்குக் கிடைத்தது. அதற்கான இயந்திரங்களை வாங்க 1965இல் மாஸ்கோவின் டிராக்டரோஎக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. 66 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள, ரத்து செய்ய முடியாத லெட்டர் ஆஃப் கிரெடிட்டை பாங்க் ஆஃப் இந்தியா வழியாகத் திறந்தது. தகராறு வந்தால் மாஸ்கோவிலுள்ள நடுவர் ஆணையமே தீர்க்கும் என்று ஒரு ஷரத்து. இயந்திரங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்றது மதராஸ் தரப்பு. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் பணத் தகராறும் சேர்ந்துகொண்டது. 1967இல் மதராஸ் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

வழக்கு இருமுறை உச்ச நீதிமன்றம் சென்றது. முதல்முறை, வங்கி பணம் தருவதைத் தடுக்கக் கேட்ட தடையாணை மறுக்கப்பட்டது. சரக்கைப் பற்றிய சண்டை வேறு, வங்கி கொடுத்த வாக்குறுதி வேறு என்றது நீதிமன்றம்.

இரண்டாம் முறை எழுந்த கேள்விதான் நீண்ட காலம் பேசப்பட்டது. மாஸ்கோவில் விசாரணை தொடங்கிவிட்ட நிலையில், மதராஸ் வழக்கை நிறுத்திவைக்கக் கோரியது சோவியத் நிறுவனம். 1958இன் நியூயார்க் உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, 1961இல் அயல்நாட்டுத் தீர்ப்புகளுக்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. அதன் 3ஆம் பிரிவு, ஒப்பந்தத்தின்படி செய்யப்பட்ட ‘ஒப்படைப்பு’ பற்றிப் பேசியது. நடுவரிடம் போவோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் போதுமா, தகராறை உண்மையில் நடுவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டுமா? நீதிபதிகள் ஷாவும் குரோவரும் 1969இல் இரண்டாவதையே ஏற்றனர். வழக்கை நிறுத்த மறுத்தனர். நீதிபதி ராமசாமி மாறுபட்டார்.

உடன்படிக்கையின் நோக்கத்தோடு பொருந்துவது ராமசாமியின் வாசிப்பே. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பைக் குறுகிய பார்வை என்று தள்ளிவிடக் கூடாது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. இந்திய நிறுவனம் தன் சாட்சிகளை மாஸ்கோவுக்கு அழைத்துப் போவது கிட்டத்தட்ட இயலாத காரியம் என்பதை நீதிமன்றம் வெளிப்படையாகவே கருத்தில் கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனுக்குத் தன் தரப்பைச் சொல்ல வழியில்லை என்றால், அந்த ஷரத்து அவனுக்கு எதற்கு? இன்றைய நடுவர் சட்ட விவாதங்களில் இந்தக் கேள்வி போதிய அளவு கேட்கப்படுவதில்லை.

நாடாளுமன்றம் 1973இல் 3ஆம் பிரிவைத் திருத்தியது. நடுவர் ஒப்பந்தம் இருந்தாலே இனிப் போதும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் அதே நிலையைத் தொடர்ந்தது. வழக்கறிஞரின் வேலையும் மாறியது. அயல்நாட்டு விசாரணையைத் தடுக்கத் தடையாணை கேட்டு நின்ற தொழில், நடுவரைத் தேர்ந்தெடுப்பது, விசாரணைத் தலத்தை முடிவு செய்வது, எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்வது என விரிந்தது. ரங்கூனில் பிறந்து பம்பாயில் தொழில் தொடங்கிய ஃபாலி நரிமன், 1994இல் வணிக நடுவர் தீர்வுக்கான சர்வதேச மன்றத்தின் தலைவரானது இந்த மாற்றத்தின் உச்சம்.

அடுத்த கேள்வியும் மதராஸ் உயர் நீதிமன்றத்துக்கே வந்தது, இம்முறை எதிர்த்திசையிலிருந்து. முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை எதிர்த்து ஏ. கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்தார். அயல்நாட்டு வழக்கறிஞர்கள் தற்காலிகமாக வந்து ஆலோசனை சொல்லலாம், பன்னாட்டு வணிக நடுவர் விசாரணையிலும் பங்கேற்கலாம் என்று 2012இல் தீர்ப்பானது. உச்ச நீதிமன்றம் 2018இல் இதைச் சுருக்கியது: விசாரணை நடத்த அவர்களுக்கு முழு உரிமை கிடையாது, முற்றிலும் தடுக்கவும் முடியாது, விதிகளுக்கு உட்பட்டே வரலாம். அந்த விதிகளை இந்திய பார் கவுன்சில் 2023இல் வெளியிட்டது. வாதாடுவது யார் என்பதற்கு அவை விடை தருகின்றன. சாட்சியை அழைத்துவரப் பணமில்லாத தரப்பு என்ன செய்யும் என்ற 1969இன் கவலை அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.