பணி வரிசையாக்கமும் சுமைக் கண்காணிப்பும்

வலையமைப்பில் இணைந்த பல கணினிகளில் எந்த வேலையை எதில், எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது பணி வரிசையாக்கம். அந்த முடிவுக்கு ஆதாரமாக, ஒவ்வொரு கணினியும் எவ்வளவு சுமை தாங்கி நிற்கிறது என்று ஓயாமல் அளந்து சொல்வது சுமைக் கண்காணிப்பு. சென்னை ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவரின் பாதுகாப்பிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மேல் 2002-ல் வானிலைத் துறை டாப்ளர் ரேடார் நிறுவியது. ரேடார், செயற்கைக்கோள், கடல் மிதவை ஆகியவை தரும் தரவுகளை வைத்துத்தான் வானிலை மாதிரிகள் கணக்கிடுகின்றன. நொய்டாவின் ‘அருணிகா’, புனேயின் ‘அர்கா’ ஆகிய மீத்திறன் கணினிகள் 2024 செப்டம்பரில் இப்பணிக்கு வந்தன. அலை உயர முன்னறிவிப்பை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தருகிறது. இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 ஆகியவை உலகெங்கும் வானிலை அளவீட்டுக்கான முதன்மை நேரங்கள். மாதிரிகளின் முக்கிய ஓட்டங்கள் அவற்றையொட்டியே அமைகின்றன. படகு கிளம்பிய பிறகு வரும் எச்சரிக்கையால் என்ன பயன்? அதனால்தான் முன்னறிவிப்பு மையங்களில் அன்றாடக் கணிப்புக்கு முதலுரிமை. ஆய்வுப் பணிகள் மிச்ச இடத்தில் ஓடும். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை.

சுமையை அளப்பது பார்வைக்குத்தான் எளிது. லினக்ஸ் கணினி தன் சுமையை 1, 5, 15 நிமிடச் சராசரிகளாக மூன்று எண்களில் சொல்லும். 48 கோர் (செயலிக் கரு) உள்ள கணினியில் 48 என்று காட்டினால் அது நிறைந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் வட்டிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் பணிகளையும் லினக்ஸ் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். எண் 90-ஐத் தாண்டியிருக்க, செயலிகள் சும்மா கிடக்கலாம். நினைவகம், வட்டு, வலைப் போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒற்றை எண்ணை நம்பினால் வரிசையே கோணலாகிவிடும்.

இனி வரிசை. நூறு கணினி கேட்கும் பெரிய பணிக்கு இடம் ஒழியும்வரை, ஏற்கெனவே காலியான கணினிகள் வீணாகக் கிடக்க வேண்டியதில்லை. பெரிய கப்பல் வந்து சேருமுன் சரக்கு இறக்கி முடிக்கும் சிறு கப்பலுக்குத் துறைமுகத்தில் பெர்த் கொடுப்பதுபோல, இடைவெளிக்குள் முடியும் சிறு பணி முந்திக்கொள்ளும். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் உருவான இந்த உத்தி இன்று ஸ்லர்ம் போன்ற வரிசையாக்க மென்பொருள்களில் சாதாரணம். பணியை அனுப்புகிறவர் கேட்கும் நேரத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: கூட்டிக் கேட்டால் இடைவெளியில் நுழையும் வாய்ப்பு போகும், குறைத்துக் கேட்டால் பாதியில் பணி நிறுத்தப்படும்.

சென்னைக்கு இதில் நல்ல வரலாறு உண்டு. தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளை இணைத்து ‘கப்ரு’ என்ற தொகுப்பைக் கட்டியது; துகள் இயற்பியல் கணக்கீட்டுக்கான அது 2004-ல் உலகின் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. அடுத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் 17 நகரங்களின் ஆய்வு நிறுவனங்களை ‘கருடா’ என்ற கட்டமைப்பில் இணைத்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகமும் அதில் ஓர் அங்கம். கருடாவின் நிலவரத்தைக் கண்காணிக்க ‘பர்யவேக்ஷணம்’ என்ற கருவியையும் சி-டாக் உருவாக்கியது. 2025 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் 3.1 பெட்டாஃபிளாப் திறனுள்ள ‘பரம் சக்தி’ மீத்திறன் கணினி திறக்கப்பட்டது.

ஊர்விட்டு ஊர் கணினிகள் இணையும்போது தகவலின் வயது பெரிய சிக்கலாகிறது. ஒரு கணினி காலி என்ற செய்தி சில நிமிடம் பழசாக இருந்தாலும், அதை நம்பிப் பலரும் தங்கள் பணிகளை அங்கேயே குவிப்பார்கள். காலியாக இருந்தது நொடியில் திணறும். இதற்குச் சோதித்துத் தேறிய வழி ஒன்று உண்டு: எல்லாவற்றிலும் காலியானதைத் தேடாமல், குலுக்கல் முறையில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் சுமை குறைந்ததற்குப் பணியை அனுப்புவது.