கையொப்பக்காரர்கள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டியில் ஏறும்போது நடத்துநர் என் மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார். உரச் சாக்கு. வாயைச் சணலால் கட்டியிருந்தேன்.

“என்னா இது, இவ்ளோ கனம்?”

“புஸ்தகம்ணே.”

“எந்த ஸ்கூலுக்கு?”

“ஸ்கூலுக்கு இல்ல. நான் எழுதுனது. விக்கப் போறேன்.”

“மலையிலயா?” என்று கேட்டுவிட்டு, லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். “இந்தக் காசாவது தேறுதா பாருங்க.”

அறுபது பிரதிகள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வண்டி மலையேறத் தொடங்கியதும் சாக்கு பின்பக்கமாக நழுவியது. ஒரு காலால் அதை முட்டுக்கொடுத்தபடியே போனேன். தமிழில் ஒருவர் எழுதிய நூலை அவரே சுமந்துபோய் விற்பது எவ்வளவு பழைய வழக்கம் என்று அந்தப் பயணத்தில்தான் யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனை, நான் செய்த ஒரு தவறில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது.

என் நூல் கல்வராயன் மலையின் ஜாகீர் காலத்தைப் பற்றியது. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள் இந்த மலையை ஆண்டன. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது செவிவழிச் செய்தி. நாடு 1947இல் விடுதலையடைந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஜாகீர்களின் பிடியிலிருந்து இந்த மலை அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் நிலம் கொத்துக்காடு, ஏர் ஓடும் நிலம் ஏர்க்காடு, இரண்டுக்கும் தனித்தனி வரி. அதைக் கட்டியவர்கள், கூலியில்லாமல் உழைத்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நான்கு வருடம் விடுமுறை நாட்களில் மலையேறி, 23 பேரிடம் கேட்டு எழுதினேன்.

எழுதி முடித்ததும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. “நல்லா இருக்கு சார். ஆனா இதுக்கு மார்க்கெட் இல்ல. அச்சுச் செலவ நீங்க குடுத்துட்டா எங்க பேர்ல போடலாம். உங்களுக்கு 50 காப்பி தருவோம்.” செலவு என்னுடையது, பெயர் அவர்களுடையது என்றால் நானே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றியது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 35,000 ரூபாய் வாங்கினேன். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குச் செலவில்லை, ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான மத்திய அரசு முகமையில் விண்ணப்பித்தால் இலவசமாகத் தருகிறார்கள். 500 பிரதி அச்சடிக்க 31,000 ஆனது. ஒரு பிரதியின் அடக்கவிலை 62 ரூபாய், போட்ட விலை 160. கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்டார். கையில் வருவது 96. அந்தக் கணக்கில் 323 பிரதி விற்றால்தான் முதல் திரும்பும். ஆறு மாதம் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் தினம் கூவி நான் விற்றது 187.

எழுதியவனே கூவலாமா என்ற கூச்சம் எனக்கு நிறைய இருந்தது. நண்பர்களிடம் “வாங்கிட்டியா?” என்று கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூச்சத்தைப் போக்கியது நம் அச்சு வரலாறுதான்.

இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல் வழி பிறந்தது. அதன்பிறகும் பல பத்தாண்டுகளுக்குத் தமிழில் இன்று நாம் அறியும் பதிப்பாளர் என்ற ஆள் பெரும்பாலும் இல்லை. மடமோ ஜமீனோ பிரபுவோ பணம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முன்கூட்டியே கையொப்பம் வாங்க வேண்டும். கையொப்பம் என்றால் இன்றைய முன்பதிவுதான். நூல் வந்தால் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் எழுதித் தருவது. அதை நம்பி ஆசிரியர் தாள் வாங்குவார், அச்சு கோக்கச் சொல்வார். பல நூல்களில் கையொப்பக்காரர்களின் பெயர்களையும் ஊர்களையும் அச்சிட்டு நன்றி சொல்லியிருப்பார்கள். தன் பெயரை அச்சில் பார்ப்பதும் வாங்குவதற்கு ஒரு காரணம்தானே.

இந்த முறையில் நமக்கு நன்றாகத் தெரிந்த கதை உ.வே.சாமிநாதையருடையது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார், பிறகு ஏட்டுப்பிரதியும் தேடிக் கொடுத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏடு தேடியது, பாடம் பார்த்தது, சமணக் குடும்பங்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டது இவற்றையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கல்லூரி ஆசிரியர் வேலையை வைத்துக்கொண்டு, கையொப்பத்துக்காக ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்ததையும், அச்சகத்துக்கும் தாளுக்கும் பணம் புரட்ட அலைந்ததையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சி.வை.தாமோதரம் பிள்ளை, அப்போதே பெயர்பெற்ற பதிப்பாசிரியர், சிந்தாமணியைத் தாமே பதிப்பிப்பதாகக் கேட்டார். கொடுத்திருந்தால் பாரம் குறைந்திருக்கும். ஐயர் கொடுக்கவில்லை.

கும்பகோணத்துப் புலவருக்கு மடத்தின் நிழல் இருந்தது. அது இல்லாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். சென்னையில் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள் சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலடியிலும் பாடிக்காட்டி விற்கப்பட்டன. கொலை, தீ விபத்து, வெள்ளம், பஞ்சம் என்று எது நடந்தாலும் சுடச்சுடப் பாட்டாகிவிடும். பாதியைப் பாடி நிறுத்திவிட்டு மீதிக்குப் புத்தகம் வாங்கச் சொல்லும் வித்தை இன்றைய முன்னோட்டக் காணொலிகளுக்கு முப்பாட்டன். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருந்து விற்ற வருமானத்தில் இசை மாநாடுகள் நடத்தினார். சொந்தமாக அச்சகம் வைத்து 1917இல் கருணாமிர்த சாகரத்தை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் அச்சிட்டார். வை.மு.கோதைநாயகி 1925இல் ஜகன்மோகினி இதழைக் கையில் எடுத்து, தம் நாவல்களைத் தாமே வெளியிட்டு, நூற்றுக்கும் மேல் எழுதினார். 1877இல் தபால் துறை கொண்டுவந்த வி.பி.பி. முறை அந்தக் காலத்து நாவல்களுக்குப் பெரிய துணை. புத்தகம் வீட்டுக்கு வந்தபின் தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். ஊர்ப்பக்கம் புத்தகக் கடையே இல்லாத வாசகிக்கு அது கடையாக இருந்தது.

ஆனால் இரவில் தூக்கமில்லாமல் நான் திரும்பத் திரும்ப நினைத்தது பாரதியைத்தான். 1907இல் வி.கிருஷ்ணசாமி ஐயர் அவர் பாடல்கள் மூன்றை 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அரசியலில் எதிர்முகாமில் இருந்தவர் அவர். ஒரு வாசகன் செய்த காரியம் அது. அதன்பிறகு பாரதிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது. இரண்டாம் பாகம் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை.

1920இல் கடையத்தில் இருந்துகொண்டு அவர் ஒரு திட்டம் போட்டார். புதுச்சேரியில் எழுதிய கைப்பிரதிகளையெல்லாம் 40 நூல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, ஆக நான்கு லட்சம் பிரதிகள். முதலில் 20,000 ரூபாய் வேண்டும். நண்பர்கள் கடனாகத் தந்தால் வட்டியோடு திருப்பித் தருவதாகச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் நூல்கள் மண்ணெண்ணெய் போல, தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார்.

அதைப் பிழைக்கத் தெரியாத கவிஞரின் கனவு என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் உவமையாக எடுத்தவருக்குச் சந்தை தெரிந்திருக்கிறது. சந்தைக்குள் நுழைய முதல் இல்லை, அவ்வளவுதான். அவர் மறைவுக்குப்பின் அந்த எழுத்துகளை மனைவி செல்லம்மாவும், பிறகு தம்பி விசுவநாதனும் பதிப்பித்தார்கள். 1949இல் அரசே பதிப்புரிமையை வாங்கிப் பின்னர் பொதுவுடைமையாக்கியது. இன்று பாரதி நூல் இல்லாத புத்தகக் கடை தமிழ்நாட்டில் உண்டா? அவர் நினைத்தது நடந்தது. அவர் கடன் கேட்ட காலத்தில் நடக்கவில்லை.

இன்றைக்கு வழி சுலபம் என்கிறார்கள். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தது. விலையில் 70 சதவீதம் வரை எழுதியவருக்குக் கிடைக்கும், அடகு வைக்க வேண்டாம். தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிட்டுத் தர அச்சகங்கள் இருக்கின்றன. மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, கள்ளக்குறிச்சியிலும்தான். நூலக ஆணை கிடைத்தால் ஓரளவு மூச்சு விடலாம். எல்லாம் சரி. ஆனால் யாரிடம் விற்கிறோம் என்ற கேள்வி மட்டும் உ.வே.சா. காலத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பெயர் பெயராக, வீடு வீடாகத்தான் அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து, பிறகு நடந்து ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். என் நூலின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவர் சொன்னது. திண்ணையில் கடுக்காய் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார். எழுத்து தெரியாது. பதினோராம் வகுப்புப் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டார்.

“எம் பேரு எங்க போட்டிருக்குதுன்னு பாரு கண்ணு.”

அந்தப் பெண் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நன்றிப் பக்கத்தில் நின்றாள். சத்தமாகப் படித்தாள். பணம் கொடுத்த நண்பர்கள், முன்பதிவு செய்த ஆசிரியர்கள், அட்டை வடிவமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர். கடைசிவரை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். என் நூல் ஒன்பது ஃபாரம் போக மூன்று பக்கம் நீண்டிருந்தது. அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டினால் செலவு ஏறும் என்றார் அச்சகக்காரர். கடைசி மூன்று பக்கமும் சொன்னவர்கள் பட்டியல். 23 பெயர்கள், ஊர், வயது, எந்த ஜாகீர் என்ற விவரம். உள்ளேதான் எல்லாருடைய பேச்சும் இருக்கிறதே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். அத்தியாயங்களில் ‘ஒரு பெரியவர்’, ‘ஒரு மூதாட்டி’ என்றுதான் எழுதியிருந்தேன். பணம் தந்தவர்கள் பெயரை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

“இல்ல தாத்தா, பேரு விட்டுப்போச்சு” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “ஜாகீர் கணக்குலயும் எங்க பேரு இருக்காது தம்பி. ஏர் எத்தினி, கொத்து எத்தினின்னுதான் இருக்கும்” என்றார். பிறகு மடியிலிருந்து பணத்தை எடுத்து விலை எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “சும்மா குடுத்தா சும்மாதான் கிடக்கும். புள்ள படிக்கணும்” என்று 200 ரூபாயைக் கையில் திணித்தார். மீதி 40 கொடுத்ததை எண்ணி வாங்கிக்கொண்டார்.

மூட்டையை அங்கேயே அவிழ்த்தேன். பேத்தியிடம் ஒரு பேனா இருந்தது, என்னிடம் ஒன்று. பெயர்கள் என் கைபேசியில் இருந்தன. நான் ஒன்றொன்றாகச் சொல்ல, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு நன்றிப் பக்கத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் எழுதினோம். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தக் கிழவி ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டா, பரவால்ல, எழுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை 41 பிரதிதான் முடிந்தது. அன்று மலையில் விற்றது ஒன்பது.

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் எழுதி முடித்தேன். இப்போது என்னிடம் இருப்பவை எல்லாவற்றிலும் 23 பெயர் உண்டு. முன்பே வாங்கிய 187 பேருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன். பெயர்ப் பட்டியலைத் தனித்தாளாக அனுப்புகிறேன், உள்ளே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. முப்பத்தைந்து பேர் முகவரி அனுப்பினார்கள். அதில் நான்கு பேர் இன்னொரு பிரதியும் கேட்டிருக்கிறார்கள்.

முதல் திரும்ப இன்னும் நூற்றுச்சொச்சம் விற்க வேண்டும். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு மறுபடி வெள்ளிமலை வண்டி ஏறுகிறேன், இந்தமுறை சின்ன மூட்டையோடு.

“போன தடவ தேறுச்சா?” என்று அந்த நடத்துநர் கேட்டால், லக்கேஜ் காசு தேறிவிட்டது என்று சொல்லலாம்.